ஓடை தெளிந்த நாள்

ஓடைத் தண்ணீரில் சாயம் இருந்தால் பட்டறைக்குச் சீல். பேட்டையில் சாயப்பட்டறை நடத்தும் ஐயம்பெருமாள், ஆய்வாளர் டெபோராவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டெபோரா பாட்டிலில் தண்ணீர் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். தெளிவாக இருந்தது.

‘நாளைக்குச் சோதனை, பட்டறையை மூடும்’ என்று முந்தின நாள் போனில் எச்சரித்த முகமறியாத புண்ணியவானை ஐயம்பெருமாள் மனதுக்குள் கும்பிட்டார்.

“பாத்தியளா மேடம்? ஓடையில மீன் செத்ததுக்கு நான் காரணமில்ல. மேற்கே இருக்க ரெண்டு பட்டறைக்காரனுவதான் சாயத்த விடுதானுவ.”

“இன்னைக்கும் அவங்க பட்டறை ஓடுதா அண்ணாச்சி?”

“ஓடாம? காலையிலயே திறந்துட்டானுவ. நான்தான் குலசாமி கோயில்ல கொடை விழான்னு மூடிட்டேன்.”

டெபோரா பையிலிருந்து இன்னொரு பாட்டிலை எடுத்தார். உள்ளே தண்ணீர் ரத்தச் சிவப்பாக இருந்தது.

“இது நேத்து இதே இடத்துல எடுத்தது. அவங்க இன்னைக்கும் ஓட்டுதாங்க. நீங்க மட்டும் நிறுத்துனிய. ஓடை தெளிஞ்சிட்டு.”

ஐயம்பெருமாள் சட்டைப்பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தார். “யாரோ... போன்ல...”

“எங்க ஜீப் டிரைவர்தான். நான்தான் பேசச் சொன்னேன்.” டெபோரா சீல் வைக்கும் அரக்கை எடுத்தார். “கொடை இன்னும் கொஞ்ச நாள் நடக்கட்டும் அண்ணாச்சி. ஓடையில மீனு பொழைக்கட்டும்.”