காகிதத்துக்குக் கால் ஏது?

ஒரு ஊரில் ஒரு வீடு. அந்த வீட்டில் ஒரு பிரிண்டர். அந்தப் பிரிண்டருக்கு ஒரு திருடன்.

அப்படித்தான் அந்த வீட்டு டீச்சரம்மா போனில் சொன்னார். மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"மை ஊத்தி ரெண்டு மாசம்தான் ஆச்சு, பாதிக்கு மேல காலி. நான் பசங்களுக்கு வினாத்தாள் பத்துப் பக்கம் எடுத்திருந்தா அதிகம். யாரோ நம்ம வைஃபைல புகுந்து அச்சடிக்கிறாங்க. மூணு தடவை பாஸ்வேர்டை மாத்திட்டேன்."

"நின்னுச்சா?"

"எங்க நின்னுச்சு? கடைசியா மாத்தினது எனக்கே மறந்துபோய், நான்தான் வெளியில நின்னேன்."

"யாரோ என்ன யாரோ?" உள்ளறையிலிருந்து இடி மாதிரி ஒரு குரல். டீச்சரம்மாவின் கணவர் பனியனோடு வந்து நின்றார். "மாடியில இருக்கானே என் கூடப்பிறந்த புண்ணியவான், அவன்தான். வேற எவனுக்கு அந்தத் துணிச்சல் வரும்?"

"பார்க்காம சொல்லாதீங்க. பாவம்."

"என்னடி பாவம்? தண்ணி மோட்டாருக்குச் சண்டை போட்டுட்டு, 'உன் வாசப்படி மிதிச்சா என் காலை வெட்டிக்கிறேன்'னு போனவன். ரெண்டு வருஷமா பேச்சு உண்டா, மூச்சு உண்டா? அச்சடிக்க மட்டும் அண்ணன் வீடு கேட்குதோ!"

மெக்கானிக் பிரிண்டரின் மூடியைத் திறந்தான். உருளைக்குள் ஒரு தாள் சிக்கி, விசிறி மாதிரி மடங்கிக் கிடந்தது. கிழியாமல் பதமாக உருவி எடுத்தான்.

வேலை கேட்டு எழுதிய விண்ணப்பம். கடைசித் தேதி திங்கட்கிழமை. அடியில் மாடி வீட்டுத் தம்பியின் பெயர்.

"நான் சொல்லலை?" என்றார் கணவர்.

டீச்சரம்மா தாளை வாங்கிப் படித்தார். குரல் இறங்கிவிட்டது. "அவர் வேலை பார்த்த ஆலையை மூடி நாலு மாசம் ஆச்சுங்க. வேலைக்குத்தானே போடுறார்."

"போடட்டும், கடையில போய் அச்சடிச்சுப் போடட்டும்! மெக்கானிக், அந்த வழியை அடைச்சிடு."

மெக்கானிக் பிரிண்டரின் சின்னத் திரையைத் தட்டிப் பார்த்தான். பட்டியல் நீண்டது. மாடி வீட்டுத் தம்பியின் போனிலிருந்து இரண்டு மாதத்தில் பதினாலு விண்ணப்பம், ஒவ்வொன்றும் நாலைந்து பக்கம்.

"அக்கா, நீங்க பூட்டினது வாசக்கதவு. அதாவது ரூட்டர், வீட்டு வைஃபை. இது வேற வழி. வைஃபை டைரக்ட்னு சொல்வாங்க. பிரிண்டரே தன் பங்குக்கு ஒரு சிக்னல் விடும். பக்கத்துல இருக்கிற போன், ரூட்டர்கிட்டப் போகாமலே நேரா இதுகூடப் பேசிக்கும். கொல்லைக்கதவு மாதிரி."

"அடக் கொடுமையே! அதை யாரு திறந்துவச்சது?"

புது போன் சேரும்போது, 'சேர்க்கவா, வேண்டாமா?' என்று இந்தத் திரை கேட்கும். இங்கே நிற்கிற ஒருத்தர் விரலால் தொட்டால்தான் சேரும். இதைச் சொல்லத்தான் வாயெடுத்தான். சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

சிக்னல் சுவரைத் தாண்டும், சரி. காகிதம் தாண்டுமா? பதினாலு விண்ணப்பமும் எப்படியோ மாடி ஏறியிருக்கிறது. காகிதத்துக்குக் கால் ஏது?

டீச்சரம்மாவை ஏறிட்டுப் பார்த்தான். கண்ணில் நீர் கட்டி நின்றது.

ஓஹோ, தாளைக் கொண்டுபோய்க் கொடுப்பது இவர்தான் என்று நினைத்துக்கொண்டான். மை தீர்ந்ததைப் புருஷன் கண்டுபிடித்துக் கேட்பதற்குள், தானே முந்திக்கொண்டு 'திருடன் திருடன்' என்று கூவிவிட்டது இந்த அம்மா. கெட்டிக்காரிதான்.

"மெஷின்தானே அக்கா, சில சமயம் தானாவே திறந்துக்கும்" என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டான். எதையோ அமுக்குகிற மாதிரி நாலு இடத்தில் அமுக்கினான். "அடைச்சாச்சு சார்."

"நல்லா இறுக்கி அடைச்சியா?"

"எறும்புகூட நுழையாது சார்."

கணவர் சட்டை மாட்ட உள்ளே போன நேரம் பார்த்து, மெக்கானிக் மெல்லிய குரலில் சொன்னான்: "பயப்படாதீங்கக்கா. நான் அடைக்கலை. நீங்க பாட்டுக்குக் கொடுங்க."

"எதை?" என்றார் டீச்சரம்மா.

என்ன ஒரு நடிப்பு! மனசுக்குள் மெச்சிக்கொண்டே வெளியே வந்தான். இப்படிப்பட்ட மகராசிக்கு வாய்த்த புருஷனைப் பார், கல்லுக்குச் சட்டை போட்டாற்போல.

தெருமுனை தாண்டியிருக்க மாட்டான். பின்னால் செருப்பு சரசரத்தது. கணவர்தான். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். மூச்சு வாங்கியது.

"இந்தாப்பா, நில்லு. அந்தக் கதவை மறுபடி திறக்கிறது எப்படி? சொல்லிட்டுப் போ. அந்தத் தாள் கசங்கிப்போச்சு. திங்கட்கிழமைக்குள்ள அவன் இன்னொண்ணு எடுத்தாகணும்."

மெக்கானிக் பையைக் கீழே வைத்தான். "சார்... அப்போ இத்தனை நாள் தாளை எடுத்துட்டுப் போய்க் கொடுத்தது..."

"அவ பள்ளிக்கூடம் கிளம்பினதும் மாடிப்படியில வச்சுட்டு வந்துடுவேன். அண்ணிதான் வைக்கிறாங்கன்னு அவன் நினைப்பு. அப்படியே இருக்கட்டும். நான்னு தெரிஞ்சா, பட்டினி கிடந்தாலும் தொடமாட்டான். இவகிட்டச் சொல்லலாம்னா, இவ அன்னிக்கே மாடி ஏறிப் போய் உளறிடுவா."

"நான் அடைக்கவே இல்லை சார்."

கணவர் மாற்றிப் போட்ட பித்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டார்.

"அன்னிக்கு வீட்டுல நான் மட்டும்தான். திரை மினுக்கு மினுக்குன்னுச்சு. போய்ப் பார்த்தா, அவன் பேரைப் போட்டு, சேர்க்கவா வேண்டாமான்னு கேட்குது. ரெண்டு வருஷத்துல அவன்கிட்டேயிருந்து என் வீட்டுக்கு வந்த ஒரே கேள்வி அதுதான்பா. வேண்டாம்னு எப்படி அமுக்குவேன்?"

பதிலுக்குக் காத்திராமல் திரும்பி, விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்தார்.