மூன்றாவது பெஞ்ச்

“அந்த இஸ்ரேல் பையன வேற எங்கயாவது அனுப்புங்க சார். இல்லன்னா நான் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போவேன்!”

பச்சையப்பன் மேசையில் அடித்த அடியில் தலைமை ஆசிரியர் இளங்கோவனின் பேனா உருண்டு கீழே விழுந்தது. திருத்தணி மலையடிவாரத்து அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம். பெற்றோர்கள் சுவரோரம் நின்றார்கள். பிள்ளைகள் அவரவர் பெஞ்சில் இருந்தார்கள்.

“மெதுவா பேசுங்க பச்சையப்பன். பையன் இங்கதான் இருக்கான்” என்றார் இளங்கோவன்.

மூன்றாவது பெஞ்சில்தான் இருந்தான் இஸ்ரேல். இடது காலில் முழங்கால் வரைக்கும் இரும்புக் கம்பி வைத்துக் கட்டிய ஷூ. அவன் பக்கத்தில் பச்சையப்பனின் மகன் பாலமுருகன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

“இருக்கட்டும் சார். சக்கரை மில்லுல கட்டிங் ஆர்டர் குடுத்துட்டான். வெட்ட வேண்டிய கரும்ப அப்டியே வுட்டுட்டு வந்துகிறேன். வாரத்துல ரெண்டு நாள் இந்த ஸ்பெஷல் டீச்சர் வர்றாங்க. வந்தா நேரா மூணாவது பெஞ்சுதான். அங்கயே குந்திகினு அந்த நொண்டிப் பையனுக்கு மணல்ல எழுத்து போட்டுக் காட்டிகினு கீறாங்க. நானே ஜன்னல் வழியா பாத்தேன். பக்கத்துல கீற என் பையன் எப்படி சார் படிப்பான்?”

சிறப்பாசிரியர் அபிகாயிலின் முகம் சிவந்தது. வட்டார வள மையத்திலிருந்து எட்டுப் பள்ளிகளுக்கு பஸ் மாறி மாறி அலைகிறவர்.

“நான் யாருக்காக வர்றேன்னு நாலு பேர் முன்னாடி சொல்லக் கூடாதுங்க. ஆனா, என்னால உங்க பையன் படிப்பு கெடல.”

“நீங்க சொல்லவே வேணாம் டீச்சர். எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது.”

பின்னாலிருந்து மனைவி தமயந்தி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “போதுங்க. வாங்க, வீட்டுக்குப் போலாம்.”

“நீ சும்மா இரு. உனக்கு இன்னா தெரியும்?”

அவனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? ஆறு வருஷம் பிள்ளையில்லாமல், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து மலையேறிப் பெற்ற மகன். சாயங்காலம் ஆனால் தமிழ்ப் பாடம் முழுவதையும் கடகடவென்று ஒப்பிப்பான். புத்தகத்தைத் திறக்கக்கூட மாட்டான். அதைக் கேட்டால் பச்சையப்பனுக்கு வெயிலில் நின்ற அலுப்பெல்லாம் பறந்துவிடும். என் பையன் கலெக்டர் ஆவான் என்று மில் வாசலில் லாரிக்காரர்களிடம்கூடச் சொல்லிவைத்திருந்தான். அப்படிப்பட்ட பிள்ளையைக் கொண்டுபோய் எவன் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்!

“மனு கொண்டாந்துகிறேன். பதினோரு பேர் கையெழுத்து போட்டுகிறாங்க. கூட்டத்துல படிச்சுத் தீர்மானம் போடுங்க.”

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவரிடம் எழுதி வாங்கிய தாளை உதறி நீட்டினான். இளங்கோவன் கையைக்கூட நீட்டவில்லை.

“இத நான் என் வாயால படிக்க மாட்டேன்.”

“நீங்க படிக்காட்டி போங்க, என் பையன் படிப்பான். டேய் பாலா, எழுந்து வாடா!”

“வேணாங்க!” என்றார்கள் அபிகாயிலும் தமயந்தியும் ஒரே நேரத்தில்.

பச்சையப்பனுக்குச் சுர்ரென்று ஏறியது. “ஏன் வேணாம்? என் பையன் நல்லா படிக்கிறது பொறுக்கலியா டீச்சர் உங்களுக்கு?”

பாலமுருகன் வந்து நின்றான். தாளை அவன் கையில் திணித்தான் பச்சையப்பன்.

“நைனா, அப்பால படிக்கிறேன் நைனா.”

“இப்பவே படி. எல்லாரும் கேக்கட்டும்.”

பையன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்தது. சுவரோரம் யாரோ சிரித்தார்கள். அது பச்சையப்பனின் காதில் விழுந்துவிட்டது.

“படிடா! வீட்ல படிக்கிற மாதிரி கணீர்னு படிடா!” என்று கையை ஓங்கினான்.

இரும்புக் கம்பி தரையில் உரசும் சத்தம் கேட்டது. இஸ்ரேல் காலை இழுத்து இழுத்து வந்து, ஓங்கிய கைக்கும் பாலமுருகனுக்கும் நடுவில் நின்றான். தினமும் செய்கிற வேலையைப்போல முதல் வரியில் விரலை வைத்து, பாலமுருகனின் காதில் மெதுவாகச் சொன்னான்.

பாலமுருகன் தலையை நிமிர்த்தினான். எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, வீட்டில் ஒப்பிக்கும் அதே குரலில், கணீரென்று ஆரம்பித்தான்.

“உயர்திரு தலைமை ஆசிரியர் அவர்களுக்கு, ஐந்தாம் வகுப்புப் பெற்றோர்கள் பணிவுடன் எழுதிக்கொள்வது...”

விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. அங்கே தன் பெயரைப் பார்த்து இஸ்ரேல் கொஞ்சம் தயங்கினான். பிறகு அதையும் காதில் சொன்னான்.

“எங்கள் பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் இஸ்ரேல் என்ற...” பாலமுருகனின் குரல் உடைந்தது.

தமயந்தி பாய்ந்து வந்து தாளைப் பிடுங்கி நான்காகக் கிழித்தாள். கட்டிய நாளிலிருந்து புருஷன் முன்னால் குரலை உயர்த்தாதவள், பள்ளிக்கூடமே அதிரக் கத்தினாள்.

“டீச்சர் வர்றது நம்ம பையனுக்காகய்யா! அவனுக்கு ஒரு எழுத்து மனசுல நிக்க மாட்டேங்குது. உனக்குத் தெரிஞ்சா அடிச்சே கொன்னுடுவன்னு, நான்தான் வெளிய சொல்லாதீங்கன்னு அவங்க கால்ல வுழுந்தேன். சாயங்காலம் ஆனா குந்திகினு கேட்டு பூரிச்சுப் போவியே, அதெல்லாம் பகல்ல இந்த இஸ்ரேல் அவன் காதுல படிச்சது!”