சார்ஜ் இறங்காத டார்ச்

“இந்தக் கும்பப்பூ அறுப்புக்குள்ள கள்ளன ஊருக்கு முன்னால நிறுத்துகேனா இல்லியான்னு பாரு!”

பகவதியப்பன் மனைவி அன்னக்கிளியிடம் இவ்வாறு சூளுரைத்ததற்குக் காரணம் இருந்தது.

பூதப்பாண்டிக்கு அருகே ஒரே மட்டத்தில் அடுத்தடுத்துக் கிடந்தன இரு வயல்கள். ஒன்று அவருடையது. மற்றது முத்துநாயகத்துடையது. இடையிலிருந்த வரப்பு யாருக்குச் சொந்தம் என்ற தகராறில் இருவரும் பேச்சை நிறுத்தி ஆண்டுகள் பல ஆகியிருந்தன.

வாய்க்காலில் தண்ணீர் முறைவைத்து விடப்பட்ட காலம் அது. கதிர் பால்பிடிக்கும் பருவம். இப்போது வயல் காய்ந்தால் நெல் அத்தனையும் பதராகும். இந்நிலையில், காலையில் வயலுக்குச் செல்லும் பகவதியப்பன், அவ்வரப்பில் ஓரிடம் வெட்டப்பட்டு, மீண்டும் ஈரமண்ணால் அடைக்கப்பட்டிருப்பதை அடிக்கடி கண்டார்.

“நம்ம தண்ணிய இருட்டோட இருட்டா வெட்டி எடுக்கான், கேட்டியா?”

“எடுத்தா நம்ம பயிரு வாடணும்லா? பச்சப்பசேல்னு நிக்கே!”

“அது சாமி கிருபையாக்கும்.”

அவ்வேளையில்தான் மஸ்கட்டிலிருந்து மருமகன் அனுப்பிய எல்.ஈ.டி. டார்ச் வந்து சேர்ந்தது.

அது மின்வெட்டுக் காலம். மாலை மங்கி, கரண்டு போனதும் பகவதியப்பன் மொட்டை மாடியில் ஏறி நின்றார். சோதனையைக் காண அண்டை அயலார் கூடியிருந்தனர்.

பொத்தானை அழுத்தினார்.

குளத்தின் மறுகரை மரத்தில் அடைந்திருந்த கொக்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்தன. தென்னை ஓலையின் கீற்றுகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. ஒளி அத்துடன் நிற்கவில்லை. வயல்வெளியைக் கடந்து, தொலைவில் மலையடிவாரப் பாறையொன்றின் மீது வெள்ளை வட்டமாகச் சென்று அமர்ந்தது.



“யம்மா! நிலாவப் பிடிச்சு உள்ள அடைச்சிருக்கானுவளா?” என்றாள் அன்னக்கிளி.

தேநீர்க்கடைச் செல்லக்கனிக்கு மட்டும் பொறுக்கவில்லை. “பத்து நிமிசத்துல மங்கிரும் பாரும்.”

“மங்குமா? விடிய விடிய எரிஞ்சாலும் சார்ஜ் இறங்காது வேய்! உம்ம கடை அடுப்பு அணைஞ்சாலும் இது அணையாது!”

பெருமிதத்துடன் ஒளியைத் தம் வயல்பக்கம் திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

வரப்பின் மீது ஓர் உருவம் குனிந்திருந்தது. கையில் மண்வெட்டி.

“கள்ளன்!” என்று கூவினார் செல்லக்கனி. “ஆளு ஆருன்னு தெரியல்லியே?”

“வேற ஆரு? முத்துநாயகம்தான். எல்லாரும் இங்கயே நில்லுங்க. கிட்ட போயி மூஞ்சியில அடிக்கேன். ஊரே பாக்கட்டு!”

மாடியிலிருந்து இறங்கி, அவ்வயதிலும் ஓட்டமும் நடையுமாக வயலை அடைந்தார்.

“அம்பிட்டேரா கள்ளா?”

உருவம் நிமிர்ந்தது. முத்துநாயகமேதான். கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டார்.

“கண்ணு கூசுது வேய். லைட்டக் கீழ காட்டும்.”

“வெளிச்சத்தக் கண்டதும் ஓடல்லியா நீரு?”

“வரப்ப அடைக்காம எங்க ஓட?”

பகவதியப்பன் ஒளியைத் தாழ்த்தினார். வெட்டிய இடத்தில் தண்ணீர் சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு வைக்கோல் துரும்பு மிதந்து வந்தது. முத்துநாயகத்தின் வயலிலிருந்து புறப்பட்டு, பகவதியப்பனின் வயலுக்குள் நுழைந்தது.

அவர் குனிந்து அத்துரும்பை எடுத்தார். வெட்டிய இடத்தில் மறுபடியும் போட்டார். மறுபடியும் அது தம் வயலுக்குள்ளேயே போயிற்று.



“இன்னைக்கு... ஒம்ம முறைத் தண்ணியில்லா?”

“ஆமா.”

“அத எனக்கு எதுக்கு வேய் தாறேரு?”

“ஒமக்கு ஆரு தந்தா? நான் பயிருக்குல்லா தாறேன். அது எங்கூடச் சண்டை போட்டுதா?”

பகவதியப்பன் தம் வயலின் கதிரொன்றைத் தொட்டுப் பார்த்தார்.

“மொதல்ல அந்த எளவ அணையும். எம் மவனுவ கண்டானுவன்னா என்னையும் சேத்து இந்த வரப்புல பொதைச்சிருவானுவ!”

அதே நேரத்தில் மாடியிலிருந்து செல்லக்கனியின் குரல் வந்தது.

“ஆளப் பாத்தேரா வேய்? முத்துநாயகம்தானே?”

டார்ச் அணைந்தது. இருளில் தண்ணீர் ஓடும் ஓசை மட்டும் கேட்டது.

பகவதியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊர் முழுவதும் கேட்கும்படி உரக்கக் கூவினார்:

“மூஞ்சி தெரியல்ல வேய்! நீரு சொன்னதுதான் நெசம். பத்து நிமிசத்துல சார்ஜ் இறங்கிப்போச்சு!”