ஏரியைச் சுருட்டிய அமைச்சர்

இதய அறுவை சிகிச்சைக்காகக் கார்ட்டூனிஸ்ட் தேவசகாயம் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவர் கோடுகளைப் பழகிய ஏ.ஐ. இயந்திரம் நாளிதழில் அவர் பெயரிலேயே தினமும் வரைந்தது. அதற்குச் சம்மதித்தவரும் அவர்தான். வீடு திரும்பிய மறுநாள் அமைச்சர் தரப்புப் புகாரின்பேரில் இன்ஸ்பெக்டர், நாளிதழில் வந்த ஒரு படத்துடன் வந்தார். அதில் அமைச்சர் ஏரியைப் பாய்போலச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிறார். பின்னால் மீன்கள் உதிர்கின்றன.

"மெஷின் வரைஞ்சதுன்னு எழுதிக் குடுத்திருங்க சார். உங்க மேல கேஸ் வராது."

தேவசகாயம் படத்தையே பார்த்தார். அமைச்சருக்குப் போட்டிருந்த அந்தக் கோணல் மூக்கு அவருடைய கோடுதான். ஆனால் பயந்துபோய் அவர் அமைச்சர்களை வரைவதை விட்டுப் பத்து வருடமாகிறது.

'படம் என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

இன்ஸ்பெக்டர் போனதும் மனைவி ரோஸ்லின் அழுதாள். "நெஞ்சுல தையல்கூட ஆறல. அந்தப் படம் வந்த அன்னைக்கு நீங்க மயக்கத்துல இல்லியா கிடந்தீங்க?"

"ஆமா. ஆனா நான் வரையலன்னு எழுதப் போனா கை வரல, ரோஸ்லின். ஏன்னு எனக்கே தெரியல."

கோர்ட்டில் வரையச் சொல்வார்களோ என்று தாளை எடுத்து வைத்துக்கொண்டு பழகினார். ஏரி வந்தது, மீன்கள் வந்தன. அமைச்சரின் முகம் மட்டும் வரவேயில்லை.