கசிவு இருந்த இடம்

பனிக்கால ஊட்டியில் ஒரு விடுதி. அதன் வெந்நீர்க் குழாய் தரைக்கடியில் எங்கோ கசிந்துகொண்டிருந்தது. பிளம்பர் பெஞ்சமின் மூன்று நாட்களாக அறை அறையாக மண்டியிட்டு, தரையில் உள்ளங்கையை வைத்துத் தேடினார். எல்லா இடமும் ஜில்லென்றுதான் இருந்தது.

“எங்கயாச்சும் தரை சூடா இருக்கா அக்கா?” என்று கூட்டிப் பெருக்கும் தெய்வானையிடம் தினமும் கேட்டார்.

“இல்லீங்க தம்பி.”

நான்காம் நாள் காலை, போர்வைகள் அடுக்கும் அறையில் அலமாரிக்குப் பின்னாலிருந்து சிணுங்கல் கேட்டது. தெய்வானையின் கைக்குழந்தை ஒரு பழைய சேலைமேல் படுத்திருந்தது. அந்தக் குளிரிலும் அதன் கழுத்து வியர்த்திருந்தது. பெஞ்சமின் குழந்தைக்குப் பக்கத்தில் கை வைத்தார். தரை வெதுவெதுப்பாக இருந்தது.

தெய்வானை ஓடிவந்தாள். “சொல்லிறாதீங்க தம்பி. வீட்டுக் குளிர்ல இருமி இருமி நீலம் பாரிச்சிருது. இங்கதான் தூங்குது.”

அவளுக்குப் பின்னால் மேலாளர் வந்து நின்றார். “கெடச்சிருச்சா?”

பெஞ்சமின் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “புள்ளயத் தூக்கிக்கங்க அக்கா” என்று சொல்லி உளியை எடுத்தார்.

மதியத்துக்குள் குழாயை அடைத்துப் பூசியாயிற்று. உடைந்த காரையைத் தெய்வானைதான் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு அள்ளினாள். சிமெண்ட் இறுகியதும் மேலாளர் செருப்பைக் கழற்றி, வெறுங்காலை அங்கே வைத்துப் பார்த்தார்.

“பிரமாதம். நல்லா சில்லுன்னு இருக்கு.”