ஃபார்மட் செய்யவா?

சேவியர் இறந்த பிறகு அவருடைய கம்ப்யூட்டரை ஆபீஸ் திருப்பி வாங்கிக்கொண்டது. மேஜையில் மிஞ்சியது உள்ளங்கையளவு ஹார்டு டிஸ்க் ஒன்றுதான். அவர் மனைவி அமலோற்பவம் அதைத் தன் கம்ப்யூட்டரில் செருகினாள். ‘இதைப் படிக்க முடியவில்லை. ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டது திரை. ஒன்றுமில்லாததையா மனுஷன் இத்தனை பத்திரமாக வைத்திருந்தார்? ‘ஆம்’ என்பதை அழுத்தப் போனாள்.

“அக்கா, கைய எடுங்க!” சாப்பிடக் கூப்பிட வந்த மாடிவீட்டு ஜமீலா கத்தியேவிட்டாள். “அழுத்தினா உள்ள இருக்கிறதெல்லாம் போயிடும். அண்ணன் வெச்சிருந்தது மேக் கம்ப்யூட்டர். உங்க விண்டோஸுக்கு இது படிக்க வராது. என் மேக்ல போட்டுப் பாப்போம், வாங்க.”

ஜமீலாவின் கம்ப்யூட்டர் எதுவும் கேட்கவில்லை. சட்டென்று திறந்தது. உள்ளே முழுக்க நட்சத்திரங்கள். தள்ளத் தள்ள, திரை கொள்ளாமல் வந்துகொண்டே இருந்தன. அமலோற்பவம் கீழே தூங்கிக்கொண்டிருந்த இரவுகளில் அவர் மொட்டைமாடியில் கேமராவோடு விழித்திருந்தது இதற்குத்தானா?

அமலோற்பவம் கீழே போய் டிஸ்க்கை மறுபடி தன் கம்ப்யூட்டரில் செருகினாள். அது பழையபடி அதையே கேட்டது. ‘வேண்டாம்’ என்று அழுத்தினாள். பிறகு, சூடு ஆறாத டிஸ்க்கைக் கையில் பொத்திக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். உச்சிவெயில் காலைச் சுட்டது. வானத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

“இந்த வெயில்ல மேல என்னக்கா இருக்கு?” என்று படியிலிருந்து கேட்டாள் ஜமீலா.

அமலோற்பவம் அண்ணாந்தபடியே, கொஞ்சம் இரு என்பதுபோலக் கையை மட்டும் உயர்த்தினாள்.