நாற்பத்தொன்பதுக்கு மேல்

“ஊசியைக் குடு, லவீனா.”

“மாட்டேன். நாளைக்குக் காலையில தட்டுல வச்சு நீட்டுறேன். இன்னிக்குக் கிடையாது.”

லவீனா கோட்டுப் பையைக் கையால் பொத்திக்கொண்டாள். உள்ளே இருந்தது, தோட்டாவின் பின்புறத்தைத் தட்டி வெடிக்கவைக்கும் எஃகு ஊசி. அது இல்லாமல் ஓரினின் மேசைமேல் கிடந்த வேட்டைத் துப்பாக்கி வெறும் இரும்பும் கட்டையும்தான்.

டிசம்பர் முப்பத்தொன்று, மதியம் இரண்டு மணி. பென்சில்வேனியா மலைக்காட்டை ஒட்டிய அந்தத் துப்பாக்கிப் பட்டறைக்கு லவீனாதான் கணக்கெழுதுபவள். ஓரினின் மனைவி எடித்துக்குத் தங்கை.

“கிழவா, உனக்குச் சட்டம் தெரியாதா? வருஷத்துக்கு ஐம்பது துப்பாக்கிக்குக் கீழே செஞ்சா வரி இல்லை. ஐம்பதைத் தொட்டியோ, அந்த ஒண்ணுக்கு மட்டும் இல்ல, ஜனவரியில வித்ததுலேர்ந்து எல்லாத்துக்கும் நூத்துக்குப் பதினொண்ணு. பதினாலாயிரம் டாலர். உன் கூரை ஒழுகுது, ஞாபகம் இருக்கா?”

“வாளி வச்சிருக்கேன்.”

“வாளி வச்சிருக்காராம். ஒரே ஒரு ராத்திரி பொறு. நாளைக்கு ஊசியைப் பூட்டினா அது அடுத்த வருஷத்துக் கணக்கு.”

“இன்னொரு தரம் எண்ணு.”

காலையிலிருந்து இது மூன்றாவது தரம். லவீனா பதிவேட்டைத் திறந்து வரிவரியாக விரலை ஓட்டினாள். ஓரின் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் விரலையே பார்த்தார்.

“நாற்பத்தொன்பது. போதுமா?”

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். கதவோரம் ஆணியில் எடித்தின் பச்சைச் சட்டை தொங்கியது. மாநில வனவிலங்குத் துறைச் சீருடை. இருபத்தாறு வருஷம் இந்த மலைகளில் காட்டு வான்கோழிகளையும் கரடிகளையும் எண்ணிக்கொண்டிருந்தவள். ஏப்ரலில் இறந்துபோனாள். சட்டையை யாரும் எடுக்கவில்லை.

லவீனாவின் குரல் தணிந்தது.

“வருஷா வருஷம் இந்த நாள்ல அக்கா வேலை விட்டு வந்ததும் ‘எத்தனை?’ன்னுதானே முதல்ல கேப்பா? நீ நாற்பத்தொன்பதுன்னதும் விழுந்து விழுந்து சிரிப்பா. அவளுக்காகவாவது அடங்கி உக்காரு.”

“ஆமா,” என்றார் ஓரின். “ரொம்பச் சிரிப்பா.”

கதவு படாரென்று திறந்தது. பக்கத்துப் பண்ணை ஹோபார்ட். ஒரு தோளில் துப்பாக்கி, கையில் பொட்டலம்.

“மான்கறி சாசேஜ், ஓரின். உனக்குத்தான். நீ செஞ்சு குடுத்த துப்பாக்கியில முதல் குண்டுலேயே விழுந்த மான்.” துப்பாக்கியை லவீனாவிடம் நீட்டினார். “பாருங்கம்மா. குழல் புதுசு, கட்டை புதுசு, விசை புதுசு. புத்தம் புதுத் துப்பாக்கி.”

லவீனாவின் பேனா தரையில் விழுந்தது. “இதை எப்போ செஞ்சே?”

“அக்டோபர்ல,” என்று ஓரின் சட்டென்று எழுந்தார். “இது கணக்குல வருமா? வந்தா ஐம்பது ஆயிடுமே?”

“பதறாதே.” அவள் துப்பாக்கியைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். “ஹோபார்ட், நம்பர் பொறிச்சிருக்கிற இந்த நடுப்பாகம் யாரோடது?”

“அப்பாவோடது.”

“நீ அதை மாத்தினியா, ஓரின்?”

“இல்ல. ஆனா மத்த மூணும் புதுசு.”

“சட்டத்துக்கு இந்த நடுப்பாகம்தான் துப்பாக்கி. அவர் கொண்டுவந்தது, அவருக்கே திரும்பிப் போச்சு.”

“நல்லாப் பாரு, லவீனா. மூணு பாகம்.”

“எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி பேசாதே. நான் உன் பக்கம்.” துப்பாக்கியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஹோபார்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“ரிப்பேர்,” என்றாள் லவீனா கடைசியில். “சந்தேகமே இல்ல. நாற்பத்தொன்பதுதான். பிழைச்சே.”

ஓரின் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கல,” என்று ஹோபார்ட் அவர் முதுகில் ஓங்கித் தட்டிவிட்டு, சிரித்தபடியே கிளம்பிப் போனார்.

வண்டிச் சத்தம் அடங்கியதும் ஓரின் மறுபடி கையை நீட்டினார்.

“ஊசியைக் குடு.”

“உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? பதினாலாயிரத்தையும் வாஷிங்டன்ல கொண்டுபோய்க் கொட்டணுமா?”

“அது வாஷிங்டன்ல தங்காது, லவீனா. துப்பாக்கி வரி காட்டு விலங்குகளுக்குன்னு மாநிலத்துக்குத் திரும்பி வரும். அதுலேர்ந்துதான் உன் அக்காவுக்கு இருபத்தாறு வருஷமும் சம்பளம்.” அவர் பச்சைச் சட்டையைப் பார்த்தார். “நாற்பத்தொன்பதுன்னதும் சிரிச்சுட்டு என்ன சொல்லுவா தெரியுமா? ‘நாட்டுல இருக்கிற துப்பாக்கிக்காரன் எல்லாம் எனக்குச் சம்பளம் குடுக்கிறான், கட்டின புருஷன் மட்டும் ஒரு சென்ட் குடுக்க மாட்டேங்கிறான்.’”

லவீனாவும் சட்டையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஊசியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். கீழே கிடந்த பேனாவைப் பொறுக்கிக்கொண்டு பதிவேட்டின் முன் உட்கார்ந்தாள்.

மேசையில் ‘டக்’கென்று பூட்டும் சத்தம் கேட்டது. அவள் தலை நிமிராமல் கேட்டாள்.

“எத்தனை?”

“ஐம்பது.”